ஆறு பட்டன், மூன்று விரல்

மார்ச் 3

ஓணானுக்கு,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று இரண்டு நாள் யோசித்தேன். மச்சான் என்று எழுதலாமென்றால், உன் தங்கைக்கும் எனக்கும் தீர்ப்பாகி இரண்டு வருடம் ஆகிறது. அந்த உறவு கோர்ட்டோடு போயிற்று. ஆனால் கல்யாணத்துக்கு முன்பே பன்னிரண்டு வருடம் கேம் கடையில் உன்னை ஓணான் என்றுதான் கூப்பிட்டேன். அதை ரத்து செய்யச் சொல்லி யாரும் மனுப் போடவில்லை.

போன் செய்யாமல் எழுதுவதற்குக் காரணம், உள்ளே இருக்கும் தாள். என் வலது கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தது. போனில் படமாக அனுப்பினால் அளவு மாறிவிடும். நீ எடுப்பாயா மாட்டாயா என்பது இன்னொரு விஷயம்.

எனக்கு ஓர் ஆர்கேட் ஸ்டிக் வேண்டும், கேம் கடை மிஷினில் இருப்பது போல லிவரும் பட்டனும் வைத்த பெட்டி. நீ இன்னும் பெட்டி செய்கிறாய் என்று உதிரி பாகம் விற்பவர் சொன்னார். கடையில் கிடைப்பது எதுவும் தோதுப்படவில்லை. போன ஆகஸ்டில் வேலை செய்யும்போது வலது கையில் சின்ன அடி. மோதிர விரலும் சுண்டு விரலும் கொஞ்சம் இறுக்கம். அவ்வளவுதான்.

நாம் ஆடிய அதே பழைய சண்டை கேம்தான். ஆறு பட்டன்: மேலே மூன்று குத்து, கீழே மூன்று உதை. இடது பக்கம் லிவர். எந்த லிவர், எந்த வரிசை என்று நீயே பார்த்துச் சொல். இஷ்டமில்லை என்றால் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டாம், கிழித்துப் போடு.

இப்படிக்கு,
டமாரம்


மார்ச் 14

டமாரத்துக்கு,

கடிதம் கிடைத்தது. லேபில் இந்த மாதம் பல் செட் வேலை அதிகம். அதனால் தாமதம்.

நான் பெட்டி செய்வது உண்மைதான். யார் கேட்டாலும் செய்து கொடுக்கிறேன். உனக்கும் செய்கிறேன். கீழே கேட்டிருப்பதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

லிவரை எப்படிப் பிடிக்கிறாய்? முன்பு அடியிலிருந்து இரண்டு விரலுக்கு நடுவே கொடுத்துப் பிடிப்பாய். இன்னும் அப்படியேவா? பட்டன்கள் பழைய மிஷின் போல நேர்வரிசையில் வேண்டுமா, விரல் நீளத்துக்கு ஏற்ப வளைந்த வரிசையிலா? பெட்டியை மடியில் வைப்பாயா, மேஜையிலா? பட்டனை இன்னும் பழைய மாதிரி அடிக்கிறாயா? கடைக்காரர் உனக்கு டமாரம் என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. இன்னும் அதே அடி என்றால் ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் ரப்பர் வைக்க வேண்டும். மேல் வீட்டுக்காரர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு.

கையைச் சுற்றி வரைந்த படம் போதாது. விரல் எங்கே இருக்கிறது என்றுதான் படம் காட்டும், எங்கே அழுத்துகிறது என்று காட்டாது. பல் அச்சு எடுக்கிற மெழுகுத் தகடு இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எடு. பட்டன் மேல் கை வைப்பது போல வைத்து, ஐந்து விரலாலும் அழுத்து. ஆறியதும் பிஸ்கட் டப்பாவில் போட்டு அனுப்பு. ஒன்று வலது கைக்கு. இன்னொன்று நீ முதல் தடவை சொதப்பினால்.

ஓணான்


மார்ச் 26

ஓணானுக்கு,

முதல் தடவையே சரியாக வந்துவிட்டது. மிச்சமிருந்த தகட்டில் இடது கையையும் பதித்திருக்கிறேன், வீணாக்குவானேன்.

லிவரை இன்னும் அடியிலிருந்துதான் பிடிக்கிறேன். வரிசை வளைந்தே இருக்கட்டும். மேஜை. அடி அப்படியேதான், ரப்பர் வை.

உன் கேள்விகளில் 'எப்படி இருக்கிறாய்' என்பது இல்லை. அதனால் நானும் பதில் எழுதவில்லை.

டமாரம்


ஏப்ரல் 5

டமாரத்துக்கு,

மெழுகைப் பார்த்தேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் நன்றாகப் பதிந்திருக்கின்றன. மோதிர விரல் இருக்க வேண்டிய இடத்தில் நகம் கீறியது போல ஒரு கோடு. சுண்டு விரல் இடம் நான் அனுப்பியபோது எப்படி இருந்ததோ அப்படியே வழவழவென்று இருக்கிறது.

இருபது வருடமாக அச்சுப் பார்க்கிற வேலை எனக்கு. எந்தப் பக்கத்துப் பல்லால் மெல்லுகிறார், எந்தப் பக்கம் வலிக்கிறது என்று ஆளைப் பார்க்காமலே சொல்வேன். இது 'கொஞ்சம் இறுக்கம்' இல்லை.

என்ன நடந்தது? இதைப் பெட்டிக்காகக் கேட்கவில்லை.

மூன்று விரலுக்கு ஆறு பட்டன் என்று வைத்துக்கொண்டு அட்டையில் இரண்டு மாதிரி வெட்டி அனுப்பியிருக்கிறேன். பட்டன் இருக்குமிடத்தில் பாட்டில் மூடி ஒட்டியிருக்கிறது. முதல் அட்டையில் லிவர் வழக்கம் போல இடது பக்கம். மோதிர விரல் அடிக்க வேண்டிய பலத்த குத்தையும் பலத்த உதையையும் கீழே இறக்கி, கட்டை விரலுக்கு நேராக வைத்திருக்கிறேன். இரண்டாவது அட்டையில் எல்லாம் தலைகீழ்: லிவர் வலது பக்கம், ஆறு பட்டனும் இடது கைக்கு. மூன்றாவது வழியும் உண்டு, லிவரே இல்லாமல் திசைக்கும் பட்டன் வைப்பது. இப்போது பாதிப் பேர் அதில்தான் ஆடுகிறார்கள்.

அட்டையை வைத்துப் பத்து நாள் பழகிப் பார். பிறகு சொல்.

ஓணான்


ஏப்ரல் 21

அன்புள்ள ஓணானுக்கு,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன்.

ஆகஸ்ட் பதினொன்று. ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மிஷின் அறை. நான் கம்பி வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூட வந்த மெக்கானிக் கதவுக்கு வெளியே சுவிட்சுப் பக்கம் நின்றிருந்தார். "முடிஞ்சுதா? போடட்டா?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு ஏதோ கேட்கிறார் என்று மட்டும் காதில் விழுந்தது. "ம்" என்றேன். அவர் போட்டார். வடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு விரல் போனது. நரம்பைத் தைத்தார்கள். விரல் இரண்டும் இருக்கின்றன, பார்ப்பதற்கு. பாதி மடங்கி அப்படியே நின்றுவிட்டன. அவர் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதார். அவரைத் தேற்றுவதே எனக்கு வேலையாகிவிட்டது.

என்ன கேட்டாலும் 'ம்' போடுகிறேன், காதில் வாங்குவதில்லை என்று உன் தங்கை ஆறு வருடம் சொன்னாள். அவள் சொன்னதை மெய்யாக்க இரண்டு விரல் கொடுத்தேன்.

இப்போது என்னை அலுவலகத்தில் போனுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால், ஆள் வரும் வரை அவர்களோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். போன வாரம் ஒரு அம்மா: "தம்பி, அடுப்புல பால வெச்சுட்டு வந்துட்டேன், சீக்கிரம் வரச் சொல்லுப்பா." "எந்த மாடிம்மா?" "அடுப்பா, லிஃப்டா?" இருபது நிமிடம் பேசினோம். அந்தம்மாவின் மூன்று மருமகள்களைப் பற்றியும் இப்போது எனக்குத் தெரியும். என் கல்யாண வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் இருபது நிமிடம் பேசியதில்லை.

அட்டை விஷயத்துக்கு வருகிறேன். அலுவலக மேஜையில் வைத்துப் போன் வராத நேரத்தில் பழகினேன். மேற்பார்வையாளர் பார்த்துவிட்டு, "என்ன சார், தாளம் போடுறீங்களா?" என்றார். ஆமாம் சார் என்றேன்.

முதல் அட்டையில் கட்டை விரலுக்கு வேலை ஜாஸ்தி. அரை மணியில் மணிக்கட்டு வரை இழுக்கிறது. அந்தக் கையில் மிச்சமிருப்பதே மூன்று விரல். அதில் ஒன்றையும் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. லிவர் இல்லாத பெட்டி வேண்டவே வேண்டாம். அது டைப் அடிப்பது, சண்டை இல்லை.

இரண்டாவது அட்டைதான். ஆனால் ஆரம்பத்தில் வலது கைக்கும் இடது கைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. அடிக்க நினைத்தால் குதிக்கிறேன், குதிக்க நினைத்தால் அடிக்கிறேன். இருபது வருடப் பழக்கத்தை இந்த வயதில் கை மாற்ற முடியுமா என்று உன்னைத்தான் கேட்கிறேன்.

டமாரம்


மே 9

அன்புள்ள டமாரத்துக்கு,

முடியும். லேபில் ஒருவர் பக்கவாதத்துக்குப் பிறகு இடது கையால் பல் செதுக்குகிறார். ஆறு மாதமாயிற்று அவருக்கு. இப்போது அவர் செய்கிற கடைவாய்ப் பல் என்னுடையதை விடச் சுத்தம். எனக்குப் பொறாமை.

பெட்டி இந்தப் பார்சலில் இருக்கிறது. என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன்.

லிவரை அடியிலிருந்து பிடிக்க இனி உன் வலது கையால் ஆகாது. மடங்கிய விரல் இரண்டும் தண்டில் இடிக்கும். ஆகவே உருண்டைக் குமிழை எடுத்துவிட்டுப் பேரிக்காய் போல நீண்ட பிடி வைத்திருக்கிறேன். மேலிருந்து மூன்று விரலால் பிடி. ஸ்பிரிங் இருப்பதிலேயே மெதுவானது. லிவருக்கு அடியில் இருக்கும் தடுப்புத் தகட்டின் துளை நமக்கு எப்போதும் சதுரம்தான். இதில் எட்டு மூலை போட்டிருக்கிறேன். சுற்றும்போது ஒவ்வொரு மூலையும் கைக்குத் தட்டுப்படும். புதுக் கைக்கு அந்தத் தடம் வேண்டும். பழகியபின் சதுரம் கேட்டால் அனுப்புகிறேன்.

பட்டன் வரிசையில்தான் மூன்று நாள் போராட்டம். திரையில் பார்ப்பது போல லேசான அடி இடது ஓரத்திலும் பலத்த அடி வலது ஓரத்திலும் வைப்பதா? அல்லது கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பி வைத்து, ஆள்காட்டி விரலுக்கே லேசான அடியைக் கொடுப்பதா? கண்ணைக் கேட்டால் ஒன்று சொல்கிறது, விரலைக் கேட்டால் இன்னொன்று. ஆடும்போது நீ பெட்டியைப் பார்ப்பதில்லை. ஆகவே விரல் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் வயர்களைக் கழற்றி மாற்றிக்கொள்ளலாம், சாலிடர் வைக்கவில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் கனமான ரப்பர்.

இனி எழுதப் போவது பெட்டியைப் பற்றியது இல்லை.

விவாகரத்து மனுவில் நான்காவது பத்தி உனக்கு நினைவிருக்கும். 'கணவர் வாரத்துக்கு முப்பது மணி நேரம் வீடியோ கேம் முன்னால் அமர்ந்திருப்பார், குடும்பத்தைக் கவனிப்பதில்லை.' கீழே சாட்சி, மனைவியின் அண்ணன். என் கையெழுத்து. அந்த நேரமெல்லாம் உனக்கு எதிரில் உட்கார்ந்து ஆடியவன் நான். முப்பது மணி இல்லை என்று எனக்குத் தெரியும். தங்கச்சி தாளை நீட்டி, "போடுண்ணா, கேள்வி கேக்காத" என்றாள். கேட்கவில்லை. அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்ய எடுத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிட்டேன். ஒரு நாள் தள்ளிப் போட்டால் மறுநாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. அப்படியே இரண்டு வருடம். கையில் அடிபட்டது கூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பெட்டி செய்து கொடுத்து அதைச் சரிக்கட்டப் பார்க்கவில்லை. சொல்லாமல் அனுப்ப மனம் வரவில்லை.

ஓணான்


ஜூன் 11

டமாரத்துக்கு,

பார்சல் மே பதினாலாம் தேதியே சேர்ந்துவிட்டது என்று தபால் ஆபீசில் சொல்கிறார்கள். வழியில் ஏதாவது உடைந்திருந்தால் சொல். மாற்றித் தருகிறேன்.

மற்றதற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

ஓணான்


ஜூன் 20

அன்புள்ள ஓணானுக்கு,

ஒன்றும் உடையவில்லை. லிவரைச் சுழற்றி அடிக்கிற மேல்குத்து ஒன்றாவது ஒழுங்காக வரும் வரை உனக்கு எழுதுவதில்லை என்று இருந்தேன். ஐந்து வாரம் ஆகிவிட்டது. முதல் பத்து நாள் கம்ப்யூட்டரின் இரண்டாவது நிலையிலேயே உதை வாங்கினேன். அதைக் குழந்தைகளுக்கு வைத்திருக்கிறார்கள். எட்டு மூலை நல்ல யோசனை. மூன்றாவது மூலை வந்தவுடன் அடி என்று கைக்குச் சொல்லி வைத்தேன். போன செவ்வாய்க்கிழமை பத்துக்கு ஏழு வந்தது. பட்டனைத் திருப்பி வைத்ததும் சரி. விரல் மறக்கவில்லை, கையைத்தான் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

இனி உன் கடிதத்தின் இரண்டாவது பாதி.

நான்காவது பத்தியை எழுதியது நான்.

உன் தங்கைக்கும் எனக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. அதுதான் சங்கடமே. மேஜையில் உட்கார்ந்தால் உப்பை எடு, தண்ணீரை எடு, அதோடு சரி. ஒரு நாள் அவள், "நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வாடகைக்குக் குடியிருக்கிற மாதிரி இருக்கு, போதும்ல?" என்றாள். நான் "ம்" என்றேன். அந்த ஒரு 'ம்' மட்டும் யோசித்துச் சொன்னது. வக்கீல் ஒப்புக்கொள்ளவில்லை. "இதெல்லாம் ஒரு காரணமா? ஏதாவது உருப்படியா சொல்லுங்க" என்றார். வீட்டுக்கு வந்து இருவரும் உட்கார்ந்து தேடினோம். நான் குடிப்பதில்லை, அடித்ததில்லை. அவள் மேல் சொல்ல எதுவுமே இல்லை. கடைசியில் கேம் இருந்தது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். பன்னிரண்டு மணி நேரம் என்றேன். "அது யாரு நம்புவா, முப்பதுன்னு போடு" என்றாள். இருவரும் சிரித்துவிட்டோம். கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அதற்குத்தான்.

சாட்சிக்கு உன்னைப் போடச் சொன்னதும் நான்தான். நீ தாளைப் படித்துவிட்டு, "என்னடா இது, முப்பது மணி நேரம்?" என்று கூப்பிடுவாய், அப்போது எல்லாவற்றையும் சொல்லலாம் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. அவளும் உன்னிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. சரி, நாளைக்குக் கூப்பிடுவான் என்று இருந்தேன். நீ எனக்குப் போன் செய்யத் தெரியாமல் இருந்த அதே இரண்டு வருடம், நான் அந்தப் போனை எதிர்பார்த்து இருந்தேன். கையெழுத்துக்காக உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த பதினாறு நாளும் கோபம் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

நானும் போனை எடுத்திருக்கலாம். அதுவும் உண்மை.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆன்லைனில் வா. மைக் வேண்டாம். முதல் தடவை பேச்சும் ஆட்டமும் சேர்ந்து என்னால் ஆகாது. ஆடுவோம்.

டமாரம்


ஜூன் 29

ஓணானுக்கு,

நேற்று ஒன்பது ஆட்டம். உனக்கு ஆறு, எனக்கு மூன்று.

முதல் மூன்றிலும் நீ அடித்த அடி எனக்குத் தெரிந்த அடி. நாலாவதில் நான் ஜெயித்தது நியாயமான ஜெயம். மூலையில் வைத்துப் பிடித்தேன், உனக்கு வழி இல்லை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேஜையைத் தட்டிவிட்டேன். அடுத்த மூன்றையும் நீ கொண்டு போனாய்.

எட்டாவது ஆட்டத்தில் என்ன செய்தாய்? ஒரே தூரத்திலிருந்து மூன்று தடவை குதித்தேன். கண் தெரியாதவன் கூட மேல்குத்து விட்டு இறக்கியிருப்பான். நீ தடுத்துக்கொண்டு நின்றாய். ஒன்பதாவதிலும் அதே கதை. தூங்குகிறவனை எழுப்பி அடிக்கிற ஆள் நீ. கேம் கடையில் எனக்குக் காய்ச்சலாக இருந்த அன்று பதினேழு ஆட்டம் தொடர்ந்து அடித்துவிட்டு, "மாத்திரை போட்டியாடா?" என்று கேட்டவன்.

இங்கே எல்லோரும் எனக்கு உதவி செய்கிறார்கள். பஸ்ஸில் இடம் விடுகிறார்கள். டீக்கடையில் டம்ளரை மேஜையில் வைக்காமல் கையில் கொடுக்கிறார்கள். என் பேனா மூடியைக் கழற்றித் தருகிறார் மேற்பார்வையாளர். அவர்களுக்கு நான் அந்தக் கையோடுதான் அறிமுகம், போகட்டும். நீ அப்படி இல்லை. கைக்காக விட்டாயோ, கையெழுத்துக்காக விட்டாயோ, இரண்டுமே எனக்கு வேண்டாம். இன்னொரு தடவை விட்டுக் கொடுத்தால் பெட்டியைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

டமாரம்


ஜூலை 4

டமாரத்துக்கு,

ஆமாம், விட்டேன். இரண்டு ஆட்டமும்.

நீ குதித்தவுடன் மேல்குத்து விரலுக்கு வந்துவிட்டது. நிறுத்தினேன். நிறுத்துவது அடிப்பதை விடக் கஷ்டமாக இருந்தது. மூன்றாவது தடவை குதித்தபோது, இவன் கண்டுபிடிக்கத்தான் குதிக்கிறான் என்று தோன்றியது. அப்போதும் அடிக்கவில்லை. உன் மெழுகுத் தகடு இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே ஆடினேன். தப்பு.

தகட்டை இன்று உருக்கி வேறொருவருக்குப் பல் அச்சு எடுத்தாகிவிட்டது.

ஞாயிறு பத்து மணி. பத்து ஆட்டம். அந்தத் தூரத்திலிருந்து குதிக்காதே என்று உனக்குக் கேம் கடையிலேயே சொல்லியிருக்கிறேன்.

ஓணான்


ஜூலை 13

ஓணானுக்கு,

பத்துக்குப் பூஜ்யம். கடைசி ஆட்டத்தில் நீ ஒரு அடி கூட வாங்கவில்லை.

ஒரு மணி நேரம் யார் முகத்திலும் விழிக்கப் பிடிக்கவில்லை. ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து எதிர் மேஜைக்காரர் இடம் மாறி உட்கார்ந்தார்.

வரும் ஞாயிறு எனக்கு டியூட்டி. அதற்கடுத்த ஞாயிறு மைக்கோடு வா. உன்னைத் திட்ட வேண்டியது நிறைய இருக்கிறது, எழுதி மாளாது.

டமாரம்